இணையதளத்தைப் புதுப்பிக்கும் முன் தொலைபேசியை எடுப்பவரைக் கேளுங்கள்

கேள்வி இது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்களை விற்று, பழுதும் பார்த்துத் தரும் நிறுவனம். இணையதளம் எட்டு ஆண்டுப் பழையது. பார்வையாளர்கள் குறையவில்லை; ஆனால் படிவம் வழியாக வரும் விசாரணைகள் குறைந்துகொண்டே போகின்றன. "தளத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக வடிவமைக்க மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கியிருக்கிறீர்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு சோதனை, இன்றே செய்யுங்கள். உங்கள் தளத்தின் தொடர்புப் படிவத்தை நீங்களே, உங்கள் சொந்த ஜிமெயில் முகவரியைக் கொடுத்து நிரப்பி அனுப்புங்கள். அது அலுவலக மின்னஞ்சலுக்கு வந்து சேர்கிறதா, ஸ்பேம் பெட்டிக்குள் விழுகிறதா, அல்லது எங்குமே வராமல் மறைந்துபோகிறதா என்று பாருங்கள். பார்வையாளர் எண்ணிக்கை அப்படியே இருக்க விசாரணை மட்டும் தேய்கிறது என்றால் என் சந்தேகம் வடிவமைப்பின் மீது போவதற்கு முன் இங்கேதான் போகும். பழைய படிவங்கள் பல, வாடிக்கையாளர் தட்டச்சு செய்த முகவரியையே அனுப்புநராகப் போட்டு மின்னஞ்சல் அனுப்புகின்றன. உங்கள் சர்வர் ஜிமெயிலின் பெயரில் கடிதம் அனுப்பினால் பெறும் முனை அதைப் போலிக் கடிதமாகவே பார்க்கும். அனுப்புநர் சரிபார்ப்பில் மின்னஞ்சல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஆண்டு கண்டிப்பைக் கூட்டிவருகின்றன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் விதிகளை மேலும் இறுக்கின. அனுப்புநராக உங்கள் சொந்த டொமைனின் (தளத்தின் இணையப் பெயர்) முகவரியும், பதில் அனுப்பவேண்டிய முகவரியாக வாடிக்கையாளருடையதும் இருக்கவேண்டும். அரை நாள் வேலை. படிவம் அனுப்பும் ஒவ்வொன்றின் நகலும் தளத்தின் தரவுத்தளத்திலும் பதிவாகும்படி செய்துவிட்டால் இனிமேல் எதுவும் காணாமல் போகாது.

சரி, அது தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீடுகளோடு முகப்புப் பக்கத்தின் மாதிரிப் படமும் வந்திருக்கும். அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். முகப்பு கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. கூகுளில் தேடி வருபவர்களில் பலர், தேடிய பொருளின் பக்கத்தில் நேராக வந்து இறங்குகிறார்கள். முகப்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முகப்பை ஆசையோடு பார்ப்பவர்கள் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள்தான். அதனால்தான் ஆலோசனைக் கூட்டங்களில் பாதி நேரம் பேனர் படத்துக்குப் போய்விடுகிறது.

உங்கள் தளத்தில் என்ன குறை என்பது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியை எடுப்பவர். இந்த வேலையில் அவரை யாரும் கலந்துகொள்வதில்லை என்பதுதான் விந்தை. இரண்டு வாரங்களுக்கு, வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவருடைய சுருக்கமாக வேண்டாம். வாடிக்கையாளர் சொன்ன சொற்களாகவே இருக்கட்டும். "ஃபில்டர் மாற்றவேண்டும், எது பொருந்தும் என்று தெரியவில்லை." "வாரண்டி இன்னும் இருக்கிறதா?" "ஆளை அனுப்புவதாகச் சொன்னீர்கள், எத்தனை மணிக்கு வருவார்?" "தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது." சில நாட்களிலேயே பத்துப் பன்னிரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். எண்ணிக்கைப்படி அவற்றை வரிசைப்படுத்துங்கள். புதிய தளத்துக்கான வரைபடம் அதுதான்.

பிறகு அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே இப்போதைய தளத்தின் நிலையைக் குறியுங்கள். பதிலே இல்லை என்றால் யாராவது உட்கார்ந்து எழுதவேண்டும். பதில் இருந்தும் கண்ணில் படவில்லை என்றால் பக்கங்களின் அடுக்கை மாற்றவேண்டும். கண்ணில் பட்டும் புரியவில்லை என்றால் மொழியை மாற்றவேண்டும். இந்த மூன்றில் எதற்குமே புதிய வண்ணமோ எழுத்துருவோ மருந்தாகாது.

இதே கேள்விகளை வேறு இரண்டு இடங்களிலும் தேடலாம். ஒன்று, உங்கள் தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டி. அதில் மக்கள் என்ன தட்டச்சு செய்தார்கள், எதற்கெல்லாம் "முடிவுகள் இல்லை" என்று வந்தது என்பது பெரும்பாலும் பதிவாகியே இருக்கும். யாரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள். மற்றொன்று கூகுள் சர்ச் கன்சோல். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதைச் சொடுக்கினார்கள் என்ற கணக்கு அங்கே கட்டணமின்றிக் கிடைக்கிறது. பதினாறு மாதத் தரவு வரை பின்னோக்கிப் பார்க்கலாம்.

அடுத்தது, மனிதர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்ப்பது. பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே, ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும், அதற்கு மேல் கூட்டினால் பெரும்பாலும் பார்த்த குறைகளையே மீண்டும் பார்ப்பீர்கள் என்று எழுதினார். அந்த ஐந்து என்ற எண்ணைப் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. ஆனால் யாரையுமே பார்க்காமல் இருப்பதைவிட மூன்று பேரைப் பார்ப்பது எவ்வளவோ மேல். உங்கள் ஊழியர்கள் வேண்டாம், அவர்களுக்கு வழி மனப்பாடம். "தளம் எப்படி இருக்கிறது" என்றும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுங்கள்: "உங்கள் வீட்டு இயந்திரத்துக்கு ஏற்ற ஃபில்டரைக் கண்டுபிடியுங்கள்." பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அதுதான் கடினம்.

உங்களுடையதைப் போன்ற ஒரு நிறுவனத்துக்காக நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது கண்டதைச் சொல்கிறேன். சோதனைக்கு வந்த ஒரு பெண்மணி கைபேசியில் தளத்தைத் திறந்தார். மேலே நகரும் பேனர். முதல் படத்தைப் படிப்பதற்குள் இரண்டாவது வந்துவிட்டது. மெனுவைத் தொட்டார். 'தீர்வுகள்', 'வளங்கள்', 'எங்களைப் பற்றி', 'ஆதரவு'. சற்று யோசித்து 'தீர்வுகள்' போனார். தொழிற்சாலைகளுக்கான பெரிய இயந்திரங்கள் வந்தன. திரும்பினார். 'ஆதரவு' போனார், அங்கே ஒரு படிவம். மீண்டும் திரும்பித் தேடல் பெட்டியில் 'ஃபில்டர் மாற்ற' என்று எழுதினார். முடிவுகள் இல்லை. அவர் தேடிய பொருள் 'வளங்கள்' என்பதன் கீழ் 'நுகர்பொருள் பட்டியல்' என்ற பிடிஎஃப் கோப்பின் பதினான்காம் பக்கத்தில் இருந்தது. அதைக் கைபேசியில் திறந்தால் எழுத்து எறும்பு அளவில் தெரியும். அவர் கோபப்படவில்லை, "எனக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது" என்றார். பொதுவாக மக்கள் இப்படித் தங்களையே குறை சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவதால்தான் பலருடைய புகார்கள் உங்களிடம் வந்து சேர்வதில்லை.

அந்த மெனு எப்படி வந்தது என்று ஊகிப்பது கடினமில்லை. நிறுவனத்தில் எத்தனை துறைகளோ அத்தனை மெனுக்கள். வாடிக்கையாளருக்கு உங்கள் துறைகள் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. 'இயந்திரம் வாங்க', 'ஃபில்டர், உதிரிபாகம்', 'பழுதுபார்க்க ஆள் வேண்டும்', 'வாரண்டி' என்று நேராக எழுதுங்கள். எந்தப் பெயர் எங்கே வரவேண்டும் என்பதில் உங்களுக்குள் தகராறு வந்தால், பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி வாடிக்கையாளர்கள் சிலரிடம் கொடுத்து, ஒன்றோடொன்று சேர்பவற்றை அடுக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் தகராறு தீரும்.

ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் அதற்குப் பொருந்தும் ஃபில்டர், அதை மாற்றும் இடைவெளி, வாரண்டி விதிகள், பழுதுக்கு அழைக்கும் வழி நான்கும் இருக்கவேண்டும். மாடல் எண் இயந்திரத்தில் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு புகைப்படத்தையும் சேருங்கள். பாதி அழைப்புகளின் வேர் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிடிஎஃப் அச்சிட்டுக்கொள்ள இருக்கட்டும். தகவல் அதற்குள் மட்டும் இருக்கக்கூடாது. விலையைச் சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் குறைந்தபட்சம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை, எதைப் பொறுத்து மாறும் என்றாவது சொல்லுங்கள். "விலைக்கு அழைக்கவும்" என்ற வரியைப் பார்த்ததும் பலர் உங்கள் போட்டியாளரின் தளத்துக்குப் போய்விடுவார்கள்.

படிவங்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வாடிக்கையாளர் உங்கள் தளத்தில் வேலை செய்யும் ஒரே இடம் அது. கைநழுவிப் போவதும் பெரும்பாலும் அங்கேதான். பழுதுபார்க்க ஆள் அனுப்ப உங்களுக்கு உண்மையில் என்ன தெரியவேண்டும்? பெயர், தொலைபேசி எண், முகவரி, மாடல், என்ன கோளாறு. பிறந்த தேதி, நிறுவனப் பெயர், 'எங்களை எப்படி அறிந்தீர்கள்' எல்லாம் யாரோ எப்போதோ ஆசைப்பட்டுச் சேர்த்தவை. தொலைபேசிப் பெட்டியைத் தொட்டதும் கைபேசியில் எண் பலகை வரவேண்டும். எழுத்துப் பலகை வந்தால் அது ஒரே ஒரு சொல்லில் சரிசெய்யக்கூடிய நிரல் சோம்பல். எண்ணுக்கு நடுவில் இடைவெளி விட்டாலோ கோடு போட்டாலோ "தவறான எண்" என்று துரத்தாமல், இடைவெளியை நீக்கிக்கொள்ளும் வேலையைக் கணினி செய்யட்டும். உலாவியில் ஏற்கெனவே சேமித்துவைத்திருக்கும் பெயரும் முகவரியும் தானாக நிரம்ப வழிசெய்யுங்கள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பையே தலைப்பாக வைக்காதீர்கள். எழுதத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், எந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள் என்பது மறந்துபோகும். பிழை நேர்ந்தால் அந்தப் பெட்டிக்குக் கீழேயே, என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு பிழைக்காக ஏற்கெனவே நிரப்பியதை அழித்துவிடாதீர்கள். இதைச் செய்யும் தளங்களை என்னால் மன்னிக்கவே முடியாது.

அனுப்பியபின் வரும் 'நன்றி' பக்கத்தையும் யாரும் கவனிப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரத்துக்குள் யார் அழைப்பார்கள், புகார் எண் என்ன? இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டால் "என் புகார் வந்ததா?" என்ற அழைப்புகள் தாமாகவே குறையும்.

வேகம் பற்றி மூன்று பேரும் வாக்குறுதி கொடுத்திருப்பார்கள். அதை எண்ணாக எழுதி வாங்குங்கள். கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல்கள் இவை: பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும். தொட்டதற்குப் பக்கம் 200 மில்லிவிநாடிக்குள் எதிர்வினை காட்டவேண்டும். 2024 மார்ச்சில் பழைய அளவுகோலுக்குப் பதிலாக இது சேர்க்கப்பட்டது. உள்ளடக்கம் தானாக மேலும் கீழும் துள்ளுவதற்கான மதிப்பெண் 0.1-க்குள் இருக்கவேண்டும். நூறு வருகைகளில் 75 இவற்றைத் தாண்டாமல் இருந்தால் தேர்ச்சி. அலுவலக வைஃபையில் புதிய கணினியில் பார்த்துவிட்டு வேகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பழைய கைபேசியில் மொபைல் டேட்டாவில் திறந்து காட்டச் சொல்லுங்கள். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய பெரிய படங்கள், ஆளாளுக்குச் சேர்த்த வெளி நிரல்கள். அரட்டைப் பெட்டி, கண்காணிப்புக் கருவி, சமூக ஊடகப் பொத்தான்கள் ஒவ்வொன்றையும் கேட்டவர் யார், இப்போதும் பார்க்கிறாரா என்று விசாரித்தாலே பாதியை நீக்கிவிடலாம்.

கைபேசித் தோற்றத்தில் இடம் போதவில்லை என்று தகவல்களை வெட்டும் பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. கூகுள் பல ஆண்டுகளாகப் படிப்படியாக மாற்றி, 2023 அக்டோபரில் கைபேசித் தோற்றத்தை வைத்தே தேடல் முடிவுகளுக்காகத் தளங்களை அட்டவணைப்படுத்தும் மாற்றத்தை முடித்துவிட்டது. கைபேசியில் இல்லாதது அதன் கணக்கில் தளத்திலேயே இல்லாத மாதிரிதான்.

வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைப்பது வடிவமைப்பாளர்களின் தீராத ஆசை. அணுகுதன்மைக்கான, அதாவது குறைபாடு உள்ளவர்களும் தளத்தைப் பயன்படுத்த முடிவதற்கான உலகளாவிய நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கிறது. 2023-இல் வந்த 2.2 பதிப்பு, தொடவேண்டிய இடங்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்றும் சேர்த்தது. கைபேசியில் விரலுக்கு அதுவும் போதாது, தாராளமாகவே வையுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று இதை ஒதுக்காதீர்கள். வெயிலில் நின்றுகொண்டு திரையைப் பார்க்கும் எவருக்கும் அந்தச் சாம்பல் தெரியாது.

இப்போது எனக்கு உண்மையாகவே அச்சம் தரும் விஷயத்துக்கு வருகிறேன்: பழைய பக்க முகவரிகள். எட்டு ஆண்டுகளில் உங்கள் பக்கங்களின் முகவரிகள் எங்கெங்கோ போய் ஒட்டியிருக்கின்றன. கூகுளில், வாடிக்கையாளர்களின் புக்மார்க்குகளில், பிறர் தளங்களில். இயந்திரங்களின் மீது ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கர்களில் கியூஆர் குறியீடாக அச்சாகியும் இருக்கலாம். அதைத் திரும்பப் பெறவே முடியாது. புதிய தளத்தில் முகவரிகள் மாறினால், பழையது ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் போடவேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுவது தீர்வல்ல. ஃபில்டரைத் தேடி வந்தவரை வாசலில் நிறுத்துவது போலாகிவிடும். கூகுளும் அதைப் 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். வழிமாற்றங்களைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே வேண்டாம் என்பேன் நான். முகவரியை மாற்றாமலே விட முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு விபத்து: புதிய தளத்தைக் கட்டும்போது, தேடுபொறிகள் எட்டிப் பார்க்காமலிருக்க 'அட்டவணைப்படுத்தாதே' என்ற கட்டளையைப் போட்டுவைப்பார்கள். திறப்பு நாளில் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். சில வாரங்களில் நிறுவனம் கூகுளிலிருந்தே காணாமல் போய்விடும். திறப்பு நாள் வேலைப் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதிவையுங்கள்.

முழுவதையும் ஒரே நாளில் மாற்றவேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் பக்கம். பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் 15 கோடி பவுண்ட் செலவில் கட்டிய புதிய தளத்தைத் திறந்தது. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களும் மீண்டும் பதிவு செய்யவேண்டியிருந்தது. அந்த ஆண்டு கோடையில் வெளியான காலாண்டு விவரத்தில் இணைய விற்பனை 8.1 சதவீதம் சரிந்திருந்தது; மக்கள் புதிய தளத்துக்குப் பழகவேண்டியிருக்கிறது என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. மென்பொருள் உலகில் இதைவிடப் பழைய கதை நெட்ஸ்கேப் என்ற இணைய உலாவியுடையது. 4-ஆம் பதிப்பு 1997-இல் வந்தது. பிறகு நிரலை அடியோடு மாற்றி எழுதப் போனார்கள். அடுத்த பெரிய பதிப்பு, 5-ஐத் தாண்டி 6 என்ற எண்ணோடு 2000 நவம்பரில்தான் வெளிவந்தது. அதற்குள் சந்தை மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போய்விட்டது. பழையதில் இருக்கும் அசிங்கமான மூலைகளில் பல, யாரோ ஒரு வாடிக்கையாளரின் சிக்கலைத் தீர்க்கச் சேர்த்தவை. புதிதாக எழுதும்போது அவை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வரிசையில் போவேன். முதல் மாதம் படிவத்தையும் அழைப்புப் பட்டியலில் முதல் மூன்று கேள்விகளையும் தீர்ப்பேன், பழைய தோற்றத்திலேயே. பிறகு மெனு. பிறகு இயந்திரப் பக்கங்களை, அதிகம் பார்க்கப்படுவதிலிருந்து ஒவ்வொன்றாக. தோற்றம், முகப்பு எல்லாம் அதற்குப் பின்னால். தளத்தின் அடிப்படை மென்பொருள் பாதுகாப்புத் திருத்தங்கள்கூட வராத அளவுக்குப் பழையதாகிவிட்டது என்றால் மட்டும் முழு மாற்றத்துக்கு ஒப்புக்கொள்வேன்; அப்போதும் முகவரிகளைக் காப்பாற்றிக்கொண்டு.

பலன் தெரிகிறதா என்பதை எப்படி அளப்பது? பார்வைகளின் எண்ணிக்கையையோ தளத்தில் செலவிட்ட நேரத்தையோ வைத்து மகிழாதீர்கள். ஒருவர் பத்து நிமிடம் இருந்தார் என்றால் வழி தெரியாமல் அலைந்ததாகவும் இருக்கலாம். 'எந்த ஃபில்டர் பொருந்தும்' என்று வரும் அழைப்புகள் வாரத்துக்கு எத்தனை, படிவத்தைத் தொடங்கியவர்களில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே குறித்துவைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

இனி அந்த மூன்று பேர். மூவரிடமும் அழைப்புப் பட்டியலை அனுப்பிவிட்டு, மறுபடி மதிப்பீடு கேளுங்கள். யார் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கேள்வி கேட்கிறாரோ அவர் பக்கம் சாயுங்கள். பக்கங்களுக்கான வாசகங்களை யார் எழுதுவது என்பது மதிப்பீட்டில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது, கடைசி வாரத்தில் அது உங்கள் தலையில் விழும், திறப்பு தள்ளிப்போகும். பழைய முகவரிகளின் வழிமாற்றப் பட்டியல் யார் பொறுப்பு? திறந்தபின் இரண்டு மாதம் சர்ச் கன்சோலில் 404 ('பக்கம் இல்லை') பிழைகளைக் கவனித்துத் திருத்துவது யார்? ஒரு ஃபில்டரின் விலையையோ விடுமுறை அறிவிப்பையோ மாற்ற அவரை அழைக்காமல் உங்கள் ஊழியரே செய்ய முடியுமா? டொமைன், ஹோஸ்டிங் (தளம் தங்கியிருக்கும் சர்வர் இடம்), கூகுள் கணக்குகள் மூன்றும் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கவேண்டும். வடிவமைப்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அந்த டொமைனை யார் பெயரில் வாங்கினார்கள் என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தேடிப் பாருங்கள். பழைய வடிவமைப்பாளர் பெயரில் இருந்தால் அவர் தொடர்பில் இருக்கும்போதே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.